சுக்ரோஸுக்குள் ஒரு பருக்கைக்கல்

கொங்குநாட்டுச் சூலூர் மளிகைக் கடையில் பழைய தலைமுறைக்காரர் ஒருவர் அரைக்கிலோ சக்கரை கேட்டால், கடைக்காரர் பழுப்புப் பொடியைத்தான் நிறுத்துக் கட்டுவார். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சித் தேய்த்தெடுத்த பொடி அது. நகரத்துக் கடைகளில் இப்போது நாட்டுச் சர்க்கரை என்று அச்சிட்ட பையில் வருவதும் அதுதான். காப்பிக்குப் போடும் வெள்ளைப் பொருளுக்கு அந்தப் பெரியவர் வாயில் அஸ்கா என்று பெயர். ஐயம் வந்தால் கடைக்காரர், "சக்கரைங்களா, அஸ்காங்களா?" என்று ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்வார். அந்த வெள்ளைப் பொருளே மதுரைப் பக்கம் போனால் சீனி, சென்னையில் சர்க்கரை, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடத்தில் சுக்ரோஸ்.

இவற்றுள் நமக்கு மிகவும் அயலான பெயர் எது என்று கேட்டால், பலரும் சுக்ரோஸையே சுட்டுவார்கள். சொல்லை விரும்பும் நண்பர்களே, அந்தப் பெயரைச் சற்றுப் பொறுமையாக உரித்துப் பார்ப்போம். உரிக்க உரிக்க அது சூலூர்ப் பெரியவரின் சக்கரைக்கு உடன்பிறப்பு என்று தெரியவரும். அந்தச் சக்கரைக்கும் அடியில் ஒரு பருக்கைக்கல் கிடப்பது தெரியும்.

மேல்தோல் மிகப் புதியது. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஆலன் மில்லர், 1857இல் வெளிவந்த தம் வேதியியல் நூலில் இந்தப் பெயரை ஆண்டார். சர்க்கரையைக் குறிக்கும் 'சுக்ர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லைப் பகுதியாக வைத்து, 'ஓஸ்' என்னும் விகுதியைச் சேர்த்தார். பழத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அதே விகுதியை ஒட்டி ஃபிரக்டோஸ் என்னும் பெயரை அமைத்தவரும் அவரே. அதுவரை கரும்புச் சர்க்கரை என்றே சொல்லிவந்த வேதியியலாருக்குப் புதுப்பெயர் ஏன் வேண்டியிருந்தது என்றால், அந்தப் பழைய பெயர் பொருளுக்குப் போதாமல் போயிருந்தது. 1747இல் பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்கிராஃப் என்பவர் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்த கிழங்கிலிருந்து இனிப்பு மணிகளைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, கரும்பு தரும் மணிகளும் இவையும் ஒன்றே என்று காட்டிவிட்டார். கரும்பு, கிழங்கு, பனை, தென்னை என்று எதிலிருந்து வந்தாலும் பொருள் ஒன்றே என்று ஆனபிறகு, செடியின் பெயரைச் சாராத ஒரு பெயர் தேவைப்பட்டது.

இதே சிக்கலைத் தமிழ் எப்படிக் கடந்தது என்பதைக் கருப்பட்டி என்னும் சொல் சொல்லும். நிறத்தைக் கண்டு, கறுப்பாய் இருப்பதால் கருப்பட்டி என்று பொருள் சொல்லிவிடுவது எளிது. சொல்லின் பிறப்போ வேறு. இரும்பு இருப்புப்பாதையில் இருப்பு ஆவதுபோலக் கரும்பு தொகையில் கருப்பு ஆகும். கருப்பஞ்சாறு என்கிறோம், கருப்பங்காடு என்கிறோம். கரும்பின் கட்டி கருப்புக்கட்டி. அதுவே நாவில் தேய்ந்து கருப்பட்டி. கரும்பு வெல்லத்துக்கு அமைந்த பெயர் பனைவெல்லத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. ஐரோப்பிய வேதியியலார் செடியின் பெயரைக் கழற்றினார்கள். நம்மவர்கள் ஒரு செடியின் பெயரை இன்னொரு மரத்துக்கும் உரிமையாக்கினார்கள். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் அறிவு ஒன்றே: எதில் ஊறினாலும் இனிப்பு ஒன்று.

இனி அந்த 'ஓஸ்' விகுதி. லாக்டோஸ், மால்டோஸ், ஃபிரக்டோஸ் என்று சர்க்கரைப் பெயர்களுக்கெல்லாம் வாலாக வரும் இந்த ஈற்றுக்குச் சர்க்கரை என்பதே பொருள் என்று இன்றைய மாணவர் எண்ணுவார். வேதியியலில் இன்று அப்படித்தான் ஆகியும் விட்டது. பிறப்பில் அதற்கு அப்பொருள் இல்லை. 1838இல் பாரிசில் குளுக்கோஸ் என்னும் பெயரை அமைத்தபோது, புதிதாய்ப் பிழிந்த திராட்சைச் சாற்றைக் குறிக்கும் 'கிளுகோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இனிமை என்னும் பொருள் அந்தச் சொல்லின் முன்பகுதியில் இருக்கிறது. பின்னால் நின்ற ஓசை, தனியே நின்றால் எதையும் இனிப்பாக்காத பெயரீறு. பின்வந்தவர்கள் அந்த ஈற்றைத் தனியே வெட்டியெடுத்துப் புதுப்புதுப் பகுதிகளில் ஒட்டியபோது, பொருளற்ற வாலுக்குப் பொருள் ஊறியது. விகுதிகள் எல்லாம் தொன்மையானவை என்று எண்ணுபவர்களுக்கு, ஒரு விகுதி நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் பிறந்து உலகெங்கும் பரவியிருப்பது வியப்பாக இருக்கும்.

விகுதியைக் கழற்றிவிட்டால் கையில் நிற்பது 'சுக்ர்'. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது இத்தாலியர்களின் 'சுக்கெரோ' வழியாக வந்தது. இத்தாலியர்களுக்கு அரபியரின் 'சுக்கர்' வழியாக வந்தது. இசுபானியர் அதே சொல்லை அரபியின் 'அல்' என்னும் முன்னொட்டோடு சேர்த்தே வாங்கியதால் அவர்கள் நாவில் அது 'அசுகார்' ஆயிற்று. அரபியருக்குப் பாரசீகத்தின் 'ஷகர்'. பாரசீகத்துக்கு இந்தியாவின் சொல். வடமொழியில் 'சர்க்கரா' என்றும் பாலியில் 'சக்கரா' என்றும் வழங்கிய அச்சொல்லின் உடலில் உயிரெழுத்துகள் மாறிக்கொண்டே போயிருக்கின்றன, நடுவில் ரகரம் இருந்தும் இல்லாமலும் ஆகியிருக்கிறது. ஆனால் நாவின் அடியில் பிறக்கும் அந்தக் ககர ஒலி மட்டும் ஏறத்தாழ எல்லா மொழியிலும் அசையாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது சற்று மெலிந்து 'சுகர்' ஆயிற்று. "அவருக்குச் சுகருங்க" என்று நம் ஊரில் நோயைச் சொல்லும்போது, அறியாமலே இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியைத்தான் தொடுகிறோம்.

அரபு நாடுகளின் வழியாகப் போகாத இன்னொரு பாதையும் உண்டு. அது இன்னும் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வணிகத்தைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், குசராத்துக் கரையிலிருந்து ஆப்பிரிக்கத் துறைகளுக்குப் போன சரக்குகளில் 'சக்கரி' எனப்படும் நாணல் தேனையும் குறிக்கிறது. அதே நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் தியாஸ்கோரிதீஸ், 'சக்கரோன்' என்பது இந்தியாவிலும் அரபு நாட்டிலும் நாணல்களில் கிடைக்கும் உறைந்த தேன், உப்பைப்போல் கட்டியாக இருக்கும், பல்லில் வைத்தால் நொறுங்கும் என்று எழுதினார். இனிப்பைச் சொல்ல வந்த மருத்துவர் அது பல்லில் படும் விதத்தை விடாமல் சொல்லியிருக்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். அந்தக் கிரேக்கச் சொல் இலத்தீனில் 'சக்காரும்' ஆகி, 1753இல் லின்னேயஸ் கரும்பினத்துக்கு இட்ட தாவரவியல் பெயராக நிலைத்தது. 1879இல் கண்டுபிடிக்கப்பட்ட சாக்கரின், சர்க்கரையே இல்லாத ஒரு பொருளுக்குச் சர்க்கரையின் இந்தப் பழம்பெயரைச் சூட்டிக்கொண்டது.

சக்காரும் என்னும் அந்தப் பெயருக்குக் கோயம்புத்தூர் ஒரு பெரிய அத்தியாயத்தையே எழுதியிருக்கிறது. 1912இல் இங்கே தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லஸ் ஆல்பிரட் பார்பரும் அவருக்குத் துணைநின்ற டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த கலப்பில் பிறந்தது, 1918இல் வெளியான கோ 205. கோ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. அக்கலப்பின் தாய்க்கரும்புக்கு 'வெள்ளை' என்றே பெயர். தந்தை, கோயம்புத்தூரிலேயே காட்டுப்புல்லாக வளர்ந்த சக்காரும் இனம். உலகத்து அறிவியல் ஏடுகளில் இலத்தீன் உடையணிந்த சக்காரும் பக்கத்தில் வெள்ளை என்னும் தமிழ்ச்சொல் உரோமன் எழுத்தில் நிற்பதைக் காண்கையில், நீண்ட பயணம் போய்வந்த சொல்லும் வீட்டிலேயே இருந்த சொல்லும் ஒரே பாத்தியில் சந்தித்ததாகவே தோன்றும்.

இப்போது அடித்தோலுக்கு வந்துவிட்டோம். சர்க்கரா என்பதற்கு வடமொழியில் முதற்பொருள் பருக்கைக்கல், நொறுங்கிய கல், மணற்பொடி. பழைய மருத்துவ நூல்கள் சிறுநீரில் வரும் கல்துகளையும் அப்பெயரால் குறித்தன. இனிப்பு அப்பெயரைப் பின்னால்தான் பெற்றது. ஏன் இந்தப் பெயர் என்பதற்கு அர்த்தசாத்திரத்தில் வரும் ஒரு பட்டியல் விடை தருகிறது. கரும்பிலிருந்து ஆகும் பொருள்களை அந்நூல் பாணிதம், குடம், மத்சியண்டிகை, கண்டம், சர்க்கரை என்று அடுக்குகிறது. பாணிதம் பாகு, குடம் உருண்டை, மத்சியண்டிகை மீன்முட்டைபோல் திரண்டது, கண்டம் துண்டு, சர்க்கரை பருக்கைக்கல் போன்றது. பாகு நீங்கலாக எந்தப் பெயரை எடுத்தாலும் வடிவமும் தொடுவுணர்வும் தெரிகின்றன. சுவை என்னும் பேச்சே இல்லை. உலகத்துக்கே இனிப்பின் பெயரைக் கொடுத்த சொல்லை நாக்கு படைக்கவில்லை, விரல் படைத்தது.

அந்த விரலின் அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதை ஈரோட்டுக் கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக்கொட்டகையில் நின்றால் காணலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு வாங்கப்படும் நாட்டுச் சர்க்கரை விற்பனைக்கு வருவது கவுந்தப்பாடிச் சந்தைக்கு. பிழிந்த கருப்பஞ்சாறு இயல்பிலேயே சற்றுப் புளிப்புடையது; அதைக் கொப்பரையில் ஊற்றி அடுப்பேற்றும்போது சுண்ணாம்புத் தெளிவைச் சேர்ப்பார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும்; அள்ளி எறிவார்கள். சாறு வற்றி, நுரை சிறுத்து, பாகு கனத்து, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் அறிந்து, தொட்டியில் கவிழ்ப்பார்கள். அங்கே மரக்கட்டையால் தேய்க்கத் தேய்க்க, ஒட்டிக்கொண்டு கிடந்த பாகு திடீரென்று மங்கி, வெளுத்து, பொலபொலவென்று உதிரும். சக்கரை பிறப்பது அந்தக் கணத்தில்தான்.

அந்தச் சுண்ணாம்புக்குள் வேதியியல் இருக்கிறது. சுக்ரோஸ் என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் நீர் நீங்கிக் கோத்துக்கொண்ட மூலக்கூறு. 12 கரிம அணுக்கள், 22 நீரக அணுக்கள், 11 உயிரக அணுக்கள். புளிப்புச் சாற்றைச் சுண்ணாம்பு இல்லாமல் கொதிக்கவிட்டால் அந்தக் கோப்பு அவிழ்ந்து, இரண்டும் பிரிந்துவிடும். பிரிந்தபின் இனிப்பு குறைவதில்லை. ஆனால் அவை எளிதில் மணி பிடிக்காமல், ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துக் கிடக்கும். ஆக, மணி பிடிப்பது சுக்ரோஸ். பருக்கைக்கல் என்று பெயர் பெறத் தகுதியுடையதும் அதுவே. மார்கிராஃப் நுண்ணோக்கியில் தேடியதும், தியாஸ்கோரிதீஸ் பல்லில் உணர்ந்ததும், நம் ஆலைக்காரர் கட்டையின் அடியில் உதிரக் காண்பதும் ஒரே பண்பு. பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் விரலிடையில் நெருடிப் பார்த்து இட்ட பெயர், வேதியியல் அப்பொருளைத் தனித்தறியும் அடையாளத்தையே சரியாகச் சுட்டியிருக்கிறது.

அச்சொல் தமிழுக்குள் வந்த கதை, வாசலில் நின்று உடைமாற்றிக்கொண்ட கதை. முதலில் வந்தது அக்காரம். சகரம் அகரத்தோடு கூடி மொழிமுதலில் நில்லாது என்பது தொல்காப்பியர் விதி. ஆதலால் சக்கரா என்னும் பாகத (பிராகிருத) வடிவத்தின் தலைச் சகரம் கழன்று விழுந்தது. சிரமணர் அமணர் ஆனதும் சிராவணம் ஆவணி ஆனதும் இப்படித் தலைச் சகரம் கழன்றுதான். வெளியிலிருந்து வந்த சொல் என்னும் தழும்பே தெரியாமல் அக்காரம் தமிழோடு கலந்தது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொண்ட நூறு தடா அக்கார அடிசிலில் அச்சொல் இன்றும் மணக்கிறது. வைணவர் மடைப்பள்ளிகளில் அக்காரவடிசில் என்றால் எல்லார்க்கும் தெரியும்.

இரண்டாம் முறை அதே சொல் வடமொழி வடிவிலேயே வந்தபோது, தமிழ்க் கதவு முன்பைவிட அகலத் திறந்திருந்தது. மொழிமுதற் சகரம் உள்ளே வந்துவிட்டது. ஆனால் நடுவில் இன்னொரு தடை. தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று நில்லாது. வேர்க்கும் ஈர்க்கும் நெடிலின் கீழ் ஒலிக்கின்றன, குறிலின் கீழ் அப்படி ஒலிக்கத் தமிழ்ச் செவி இடங்கொடுக்காது. எனவே ரகரத்துக்கு ஓர் உகரத்தை ஊன்றுகோலாகக் கொடுத்துச் சருக்கரை என்றார்கள். உரையாசிரியர்கள் கண்டசருக்கரை என்று எழுதும்போது அந்த உகரம் அழகாக நடைபோடும். எழுத்து வழக்கு பின்னாளில் உகரத்தைக் கைவிட்டுச் சர்க்கரைக்குத் திரும்பியது. பேச்சோ வேறு தீர்வைக் கண்டது: ரகரத்தையே விட்டுவிட்டுச் சக்கரை என்றது. பாகதம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த அதே ஒலித்திரிபைச் சூலூர்க் கடைவீதி தானாகவே மறுபடியும் செய்திருக்கிறது. வடக்கே கன்னடர் சக்கரெ என்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலையாளிகள் வெல்லத்தைச் சக்கர என்கிறார்கள். அந்தக் கேரளக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் காதில் அது 'ஜாகரா' என்று விழுந்து, ஆங்கிலத்தில் 'ஜாகரி' ஆயிற்று. இன்று கொங்குநாட்டுச் சக்கரைப் பைகளில் 'ஜாகரி பவுடர்' என்று அச்சிடுகிறார்கள். சக்கரைப் பைமேல் சக்கரை என்னும் சொல்லே கடல்கடந்து போய் வேற்றுடையில் திரும்பி வந்திருக்கிறது.

இவ்வளவும் வந்த சொல்லின் வரலாறு. இருந்த சொற்கள் இவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. கரும்பு, கட்டி, வெல்லம், பாகு என்பன ஒருபுறம். வெல்லம் தெலுங்கில் பெல்லம், கன்னடத்தில் பெல்ல. கரும்பைத் தொலைவிலிருந்து இங்கே கொணர்ந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாட்டில் குறிப்புண்டு; அவர்களின் தகடூர், கொங்கின் வடகோடியில் இருக்கும் இன்றைய தருமபுரி. காய்ச்சிய பாகுக்கு விசயம் என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் விசயம் காயும் ஆலையின் புகை எழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அயிர். நுண்மையைக் குறிக்கும் இச்சொல்லுக்கு நுண்மணல் என்று ஒரு பொருள். சர்க்கரை என்று இன்னொரு பொருள். மதுரைக்காஞ்சி நள்ளிரவு அங்காடித் தின்பண்டங்களைச் சொல்லுமிடத்தில் அயிர் வருகிறது. வடக்கே ஒரு மொழி பருக்கைக்கல்லைக் கண்டு இனிப்புக்குப் பெயரிட்டது; தெற்கே நம் மொழி ஆற்றுமணலைக் கண்டு பெயரிட்டது. கண்ட பொருளும் ஒன்று, தொட்ட விரலும் ஒன்று. ஒலியில் மட்டும் இது இன்னும் மென்மை: வல்லெழுத்தே இல்லாத அயிர் நாவில் கரைந்துபோகிறது, சர்க்கரா நெருடுகிறது.

இவ்விடத்தில் ஒரு சபலம் எழும். பல்லடம், சூலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் சரளை நிறைய. சரள், சரளை என்னும் சொற்கள் பருக்கைக்கல்லைக் குறிக்கத் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குகின்றன. சரளையிலிருந்தே சர்க்கரை வந்தது என்று முடித்துவிட்டால் நெஞ்சுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் முதலிரண்டு எழுத்தின் ஒப்புமை உறவுக்குச் சான்றாகாது. பின்னால் நிற்கும் ககரத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். அதுபோலவே சுக்ரோஸில் சுக்கிரனைத் தேடுவாரும் உண்டு. வெண்மையையும் ஒளியையும் குறிக்கும் அச்சொல் வெள்ளைச் சர்க்கரைக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். மேலே கண்ட பாதையில் சுக்கிரனுக்கு இடமே இல்லை. சுக்ரோஸின் உகரம் அரபியர் நாவில் நுழைந்த உகரம். சொல்லின்மேல் அன்புள்ளவர்கள் இத்தகைய ஒலிமயக்கத்தில்தான் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டும். தமிழின் பெருமைக்குப் பொய்யுறவுகள் தேவையில்லை.

கற்கண்டையும் தொட்டுவிட்டுப் போகலாம். கல்லோடு சேர்ந்த கண்டு, கட்டியென்னும் பொருளது. விசைத்தறி ஓடும் சூலூர், சோமனூர்ப் பக்கங்களில் நூல்கண்டு என்பது அன்றாடச் சொல். அங்கும் கண்டு என்றால் திரட்சிதான். வடமொழிக் கண்டம் பாரசீகத்துக்கும் அரபுக்கும் 'கந்த்' எனப் போய், ஐரோப்பாவில் 'கேண்டி' ஆயிற்று. கேண்டிக்குக் கல் கிடைக்கவில்லை. தமிழர்தாம் முன்னால் ஒரு கல்லை வைத்து, கற்கண்டு என்று, கடிக்குமுன் பல்லுக்கு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார்கள்.

வடிவத்தால் பெயரிட்ட காலம் போய், இடத்தால் பெயரிடும் காலம் பின்னால் வந்தது. சீனத்தோடு தொடர்புபடுத்திச் சீனி. எகிப்தின் அரபுப் பெயரான மிஸ்ரைத் தொட்டு வடநாட்டார் கற்கண்டை மிஸ்ரி என்றார்கள். கொங்கின் அஸ்காவும் ஊர்ப்பெயரே. ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில் அஸ்கா என்று ஓர் ஊர். 1936 வரை அம்மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த சர்க்கரை ஆலையின் வெள்ளைச் சரக்கு மாகாணமெங்கும் போய், சரக்கோடு ஊர்ப்பெயரும் போயிற்று. சக்கரை என்னும் சொல் பழுப்புப் பொடிக்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்ட கொங்கில் அந்தப் புதுப்பெயருக்கு வேலை இருந்தது. அதனால் இங்கே நிலைத்தது. இளையவர்கள் வெள்ளையைச் சக்கரை என்றும் பழுப்பை நாட்டுச் சக்கரை என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தலைமுறையில் அடைமொழி இடம் மாறிவிட்டது: முன்பு புதியதற்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தது, இப்போது பழையதற்கு.

சர்க்கரை இப்படி அகன்றுகொண்டே போகிறது. அடுக்களைப் பொடி, வெள்ளை மணி, குருதியில் ஓடும் குளுக்கோஸ், அது மிகுவதால் வரும் நோய், வேதியியலில் ஒரு பொருட்குழு முழுவதும் என எல்லாமே சர்க்கரை. உடன்பிறந்த சுக்ரோஸோ குறுகிக் கூர்மையாகி ஒரே ஒரு மூலக்கூறைச் சுட்டி நிற்கிறது. மருத்துவர் குருதியில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்னும்போது அவர் சொல்வது சுக்ரோஸ் அல்ல. தின்ற சுக்ரோஸ் குடலிலேயே இரண்டாய்ப் பிரிந்துவிடுகிறது. அந்தப் பிரிவைச் சொல்லவும் தமிழில் நல்ல சொற்கள் அமைந்துள்ளன. ஒரே தளத்தில் அதிரும்படி ஆக்கிய, அதாவது தளவிளைவுற்ற, ஒளியைச் சுக்ரோஸ் கரைசல் வலப்பக்கம் திருப்பும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்த கலவை இடப்பக்கம் திருப்பும். பாடநூல்கள் இவற்றை வலஞ்சுழி, இடஞ்சுழி என்கின்றன. சங்கையும் பிள்ளையார் துதிக்கையையும் திருவலஞ்சுழி என்னும் ஊரையும் சொல்லப் பயன்பட்ட சொல், ஆய்வகத்துக் குழாய்க்குள் ஒரு சிறு மாற்றமும் இல்லாமல் பொருந்துகிறது.

சுக்ரோஸைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதில் இரு வழக்குகள் உண்டு. பாடநூலில் சுக்ரோஸ், தமிழ் ஒலிமரபைப் பேணுபவர்கள் எழுதுவது சுக்குரோசு. பின்னதைச் செயற்கை என்று ஒதுக்குபவர்கள் அதன் நடுவில் நிற்கும் உகரத்தைக் கவனிக்கட்டும். சர்க்கரையைச் சருக்கரை ஆக்கிய அதே உகரம் அது. ஈற்றிலும் இன்னோர் உகரம் வந்து ஒற்றைத் தாங்குகிறது. முன்னோர் செவி செய்த வேலையை இன்றைய செவியும் செய்கிறது; அயலான ஒலிச்சேர்க்கையைக் கண்டால் தமிழ் கைகொடுக்கும் விதம் மாறவே இல்லை. ஆகவே சுக்குரோசு என்றே எழுதலாம் என்பது என் கருத்து. இன்னும் ஒருபடி போய்த் தமிழ்ச்சொல்லே வேண்டும் என்பார்க்கு, கரும்புச் சர்க்கரை என்னும் பெயர் கிழங்கையும் பனையையும் விட்டுவிடுகிறது என்று சொல்வேன். அயிர் இருக்கிறது. எந்தச் செடியையும் சாராத, மணி பிடிக்கும் பண்பையே சுட்டுகிற, பத்துப்பாட்டில் ஆளப்பட்ட சொல். கலைச்சொல் ஆக்குவோர் அதை எடுத்து ஆளவேண்டும்.

வகுப்பில் சுக்ரோஸ் என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதன் கீழே சக்கரை, சருக்கரை, அக்காரம், அயிர் என்னும் நான்கையும் எழுதி, முதல் மூன்றும் மேலுள்ளதற்கு உடன்பிறப்பு, நான்காவது அதே எண்ணத்தில் தமிழ் தானே ஆக்கியது என்று ஒரு வரி சொன்னால் போதும். கொங்குநாட்டு மாணவர் எவரும் அதன்பின் அந்த வேதியியல் பெயரை அயலார் சொல்லாக எண்ணி உருப்போட மாட்டார்.